ஈரப்பதம்

கேமராவில் கை மட்டும்தான் தெரிந்தது.
சந்தன சோப்பு ஒன்று.
ஹேர்கிளிப் அட்டை ஒன்று, சிவப்பு, பட்டாம்பூச்சி போட்டது.
மறுபடியும் அதே சோப்பு.
வேட்டி மடிப்புக்குள் அவை போயின
வீட்டுக்குள் போகிறவர்களைப் போல,
அவசரமே இல்லாமல்.

திருடுகிறவன் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்ப்பான்.
திருத்துறைப்பூண்டியில் எட்டு வருஷம்
பில் போட்டவளுக்கு இது தெரியும்.
இவர் பார்க்கவில்லை.
அரிசி மூட்டைகளிடம் வந்ததும் நின்றார்.
முழங்கைவரை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி,
ரெண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார்.
"இருபத்தொண்ணு.
காய வச்சு எடுத்துட்டு வா, போ."

எனக்கு அந்தக் குரல் தெரியும்.

ஐப்பசி மழை. குறுவை நெல்.
வாய்க்கால்கரைக் கொள்முதல் நிலையத்தில்
ஒன்பது ராத்திரி தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள்.
பத்தாம் நாள் சாக்கின் கண்வழியே
வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.
அப்பா அதை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு
பில் கிளார்க் பக்கிரிசாமி முன்னால் நின்றார்.
சோற்றுத்தூக்கோடு நான் பின்னால் நின்றேன்.

வாசலில் செல்வமணி மடக்கிவிட்டான்.
"பெரிய மனுசன் மாதிரி இருக்கீயே, எடு வெளியில."
கியூவில் நாலு செல்போன் உயர்ந்தன.
சுவரில் ஏற்கனவே ரெண்டு படம் ஒட்டியிருக்கிறது:
பாடி ஸ்பிரே எடுத்த பாலிடெக்னிக் பையன்,
பால்பவுடர் எடுத்த ஒருத்தி.
பிடிபட்டால் பத்து மடங்கு. கீழே கடை முத்திரை.

மூன்றாவதாக ஒட்டலாம்.
ஒரு நிமிஷம், பொய் சொல்ல மாட்டேன்,
பசை டப்பா எங்கே இருக்கிறது என்று யோசித்தேன்.

ஜெகபர் பாய் கேபினைவிட்டு வந்தார்.
"சேர் கொண்டாடா. அவர் இடுப்புல யாரும் கை வைக்காதீங்க.
போனையெல்லாம் உள்ள வைங்க, இங்க ஒண்ணும் கூத்து நடக்கல."
தண்ணீர் கொடுத்தார். பெயர் கேட்டார்.
பெயர் வரவில்லை.
வாயில் தேடினார், சட்டைப் பையிலும் தேடினார்.

நான் கவுண்டரைவிட்டு எழுந்து போனேன்.
"எடை போட்டாச்சா சார்?" என்றேன்.
முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.
சோப்பு, அட்டை, சோப்பு
ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார்.
"ஸ்டாக் சரியா பாத்துக்க, கையெழுத்துப் போடு."
அப்புறம், பழக்கம் மறக்காமல்,
உள்ளங்கையை நீட்டினார்.

"மூட்டைக்கு இருபது."

கியூ சிரித்தது.
அந்தக் கையில் அப்பா வைத்ததை எண்ணியிருக்கிறேன்.
நாற்பத்திரண்டு மூட்டைக்கு எண்ணூற்று நாற்பது.
என் ஹாஸ்டல் பணம்.
இப்போது அதில் நரம்பு, புள்ளிகள், ஒரு நடுக்கம்.
என் பர்ஸிலிருந்து ரெண்டு பத்து ரூபாய்த் தாளை எடுத்து வைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
ரெண்டு தடவை எண்ணி மடித்துக்கொண்டார்.

மகள் ஸ்கூட்டியில் வந்தாள், ஹெல்மெட்டோடே உள்ளே.
"ஆயிரம் ரூபாய்தான் இருக்கு பாய், மீதியை..."
"நூத்தியொண்ணும்மா. எம்.ஆர்.பி. என்னவோ அதான்."
அட்டையைப் பார்த்து நின்றாள்.
"இது எனக்கு வாங்கினது.
எனக்கு நாப்பத்தாறு வயசு பாய்."

அவள் நம்பரை பில் மெஷின் பக்கத்தில் ஒட்டியாயிற்று.
இனி எடுத்தால் எழுதி வை, கேட்காதே,
கூட ஒரு ஆள் நடக்கட்டும், இது பாய் சொன்னது.
செல்வமணிக்கு அதில் இன்னும் சம்மதமில்லை.
அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

ஷட்டர் இறக்கும்போது கேட்டேன்:
"அந்தப் பால்பவுடர் பொண்ணுக்கு யாராவது
சேர் போட்டோமா பாய்?"
அவர் சாவியைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்.

படத்தை நானே கிழித்தேன்.
பாதிதான் வந்தது.
ஒரு கண்ணும் கொஞ்சம் நெற்றியும்
சுவரிலேயே இருக்கின்றன.
நாளைக்குத் தண்ணீர் தொட்டுச் சுரண்ட வேண்டும்.