எட்டு முதல் பத்து வரை

இன்று ஸ்டேஜ் நான்கு.
எங்கள் பிளாக்கில் எட்டு மணிக்கு மின்சாரம் போய்ப் பத்துக்கு வரும்.
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டில்
இந்த அட்டவணையை மனப்பாடமாய்ச் சொல்ல
என்னை விட்டால் ஆளில்லை.
கறிக்கடை பூபாலன் முதல் டாக்ஸி ஓட்டும் சிபுசிசோ வரை
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்கள்:
"கோகிலம், நாளைக்கு எப்போது?"
சொல்வேன். போய்விடுவார்கள்.
நல்ல உரையாடல் என்றால் அதுதான்.

இருட்டென்றால் எனக்குப் பயம்,
அதனால்தான் கணக்கு வைத்திருக்கிறேன் என்று
ஊரில் பேச்சு.

எட்டாக ஏழு நிமிடம்.
ஃபிரிட்ஜ் இருபது வருடமாய்
'ம்' என்ற ஒரே எழுத்தில் நிற்கிறது,
உயிர் சேராமல்.
குழல்விளக்கு அரிக்கிறது.
பொதுச்சுவருக்கு அப்பால் வாசுகியின் டிவியில்
யாரோ யாரையோ மன்னிக்க மறுக்கிறார்கள்.
காது கொடுத்துக் கேள் என்பான் அண்ணன்.
கொடுக்க மிச்சம் இருந்தால்தானே.

சின்ன வயதில்
"வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்றாள் அத்தை.
திறந்து காட்டினேன்.
அறை விழுந்தது.

முப்பத்தொன்பதாம் வயதில் மருத்துவர் ஒரு சொல் தந்தார்.
அகராதியில் தேடினேன். மதியிறுக்கம்.
இறுக்கம் மதியில் இல்லை, ஐயா.
சட்டைக் கழுத்தின் லேபிளில் இருக்கிறது.
கல்யாண வீட்டில் கன்னம் கிள்ளும் விரலில் இருக்கிறது.

அண்ணி அதை உறவு முழுக்கப் பரிமாறினாள்,
பிரியாணி மாதிரி, சூடு ஆறுமுன்.
பாவம் என்றார்கள். கம்ப்யூட்டர் மூளை என்றார்கள்.
டோங்காட்டில் பாஸ்டராகிவிட்ட மைத்துனர்
என் தலையில் கைவைத்து எதையோ துரத்தப் பார்த்தார்;
அவர் உள்ளங்கை ஈரம் மூன்று நாள் போகவில்லை.
"பார்த்தால் தெரியவேயில்லையே" என்றாள் ஒருத்தி,
பரிசு நீட்டுகிற முகத்தோடு.
பார்த்தால் தெரியாமலிருக்க நான் செலவழித்த யூனிட்டை
எந்த மீட்டரும் காட்டாது.

போன மாதம் அப்பாவின் பதினாறாம் நாள்.
இரண்டு அறையில் நாற்பத்து மூன்று பேர்.
"ஒரு சொட்டு அழவில்லை பார், கல்"
என்று யாரோ என் முதுகுக்குச் சொன்னார்கள்.
எட்டடித்தது.
விளக்கு போனது.

கண்ணைப் பார்த்துப் பேசு என்று சொல்ல
இருட்டில் ஒருவருக்கும் கண் இல்லை.
ஃபிரிட்ஜ் ஒருவழியாய் வாயை மூடியது.
அப்போது கேட்டது,
அலமாரிக்குள் அப்பாவின் கைக்கடிகாரம்,
இன்னும் ஓடிக்கொண்டு.

பேசினேன்.
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால்
அப்பா கதவைத் தட்டமாட்டார்.
வாசற்படியில் செருப்பை இரண்டு முறை உரசுவார்,
நான் திடுக்கிடக் கூடாதென்று.
பிறகு சாவி.
அவருக்கு அந்தச் சொல் தெரியாது.
செருப்பு தெரிந்திருந்தது.

ஒரு மணி நேரம் பேசினாயாம் என்றார்கள் பிறகு.
தப்பு. நாற்பத்தொரு நிமிடம்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
"எங்கள் டிவி உனக்குக் கேட்குமா?"
வாசுகி.
"எல்லாம் கேட்கும். செவ்வாய்க்கிழமைகளில் நீ அழுவதும்."
அறை முழுக்க மூச்சு நின்றது.
சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன், வழக்கம்போல்.
நாற்காலி நகரும் சத்தம்.
என் பக்கமாக.
தொடவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பத்துக்கு வெளிச்சம் வந்து
எல்லோருக்கும் மறுபடி முகம் முளைத்தது.
"உனக்கு இவ்வளவு பேச வருமா!" என்றாள் அண்ணி.
காதைப் பொத்திக்கொண்டேன்.

இப்போது எட்டாக ஒரு நிமிடம்.
வாசற்படியில் செருப்பு உரசுகிறது.
ஒன்று.
இரண்டு.
இடதுகால் மட்டும்; அப்பா இரண்டு காலையும் உரசுவார்.
பரவாயில்லை,
மெழுகுவர்த்தி கொண்டுவரவில்லை அவள்.