பதினேழாவது கேள்வி

ஹஸ்லினா கொடுத்த தாளில் பதினாறு கேள்விகள்.
ஒவ்வொன்றின் கீழும் நான்கு கோடுகள்.
அதற்குள் அடங்காததை யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்,
கனிவாகத்தான்.

வெங்காயம் உரித்தபடி தவமலர் கேட்கிறாள்.
இரவு வேலைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்.
தாதிச் சீருடைக்கு மேல் என் பழைய டி-சட்டை.
"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."
இருபத்திரண்டு வருடம் தர ஆய்வாளராக இருக்கிறேன்.
"இருக்கேனா, இருந்தேனா?"
முதல் குழியை இலக்கணமே வெட்டிவைத்திருக்கிறது.

"உங்கள் பலவீனம்?"
எதையும் அரைகுறையாக விடமாட்டேன், அதுதான்.
அவள் சிரித்ததில் வெங்காயத் தோல் பறந்தது.
ஆறு மாதமாக ஒற்றைத் திருகில் தொங்கும்
குளியலறைத் தாழ்ப்பாளை
இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"உங்களைவிட இளையவர் மேலாளராக இருந்தால்?"
மகிழ்ச்சியாகக் கற்றுக்கொள்வேன்.
"பல்லைக் கடிக்காம."
மகிழ்ச்சியாகக் கற்றுக்கொள்வேன்.
"இப்ப எழவு வீட்டுல சொல்ற மாதிரி இருக்கு."

எட்டாவது:
பதினோரு மாத இடைவெளிக்கு என்ன காரணம்?
இந்த இடைவெளியைத்தான்
நாள்தோறும் நான்கு மொழிகளில்
கவனிக்கச் சொல்கிறது எம்ஆர்டி.
மேடைக்கும் ரயிலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.
தாண்டுகிறவனுக்கு அது கோடு.
நின்றுவிட்டவன்தான் குனிந்து பார்க்கிறான்.
இதை ஆங்கிலத்தில் ஹஸ்லினாவிடம் சொல்லிப் பார்த்தேன்.
"கவிதை வேண்டாம் சார்.
சான்றிதழ்களைச் சொல்லுங்கள்."

திறன் வகுப்புகள் மூன்று என்று எழுதினேன்.
எழுதாதது:
கொட்டும் மழையில் அட்மிரால்டிவரை சைக்கிள் மிதித்து
பதினான்காம் மாடியில் நீட்டிய சூடான பொட்டலம்.
கதவைத் திறந்தவன் என் கீழ் வேலை பழகிய பையன்.
அவன் "சார்" என்றான்.
நான் "என்ஜாய்" என்றேன்.

"ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"
வீவகக் கடன் முடிய ஆறு ஆண்டு.
அதற்கு ஒரு வருடம் முன்னால்.
"இதையே சொல்லுங்க," என்று குறியிட்டாள்.

பதினாறும் முடிந்தன.
தாளை மடித்தாள். கை கழுவினாள்.
குழாயைப் பார்த்தபடியே கேட்டாள்:
"மொத மூணு வாரம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

காலாவதியான அட்டையைக் கழுத்தில் மாட்டி
ஆறேமுக்காலுக்கே வீட்டைவிட்டு இறங்கி
பத்து மணிக்குத் திறக்கும் ஜூரோங் நூலகத்தின் வெளியே
உட்கார்ந்திருந்தவன் நான்.
முந்தைய இரவு நீ கட்டிவைத்த சோற்றைப்
பன்னிரண்டு அடிக்கும்வரை தொடாமல்
வேலையில் இருப்பவனைப் போலவே பசித்தவன்.

சூழல், பணி, செயல், விளைவு என்று
அடுக்கிச் சொல்லப் பழக்கியிருக்கிறார் ஹஸ்லினா.
சூழல்: நீ இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாய்.
பணி: நீ விழித்துவிடக் கூடாது.
செயல்: சத்தமில்லாமல் கதவைச் சாத்தி
மறுபடி வெளியே போனேன்.
விளைவு என்ற சொல்லோடு நிற்கிறது.
வாய்விட்டு இதில் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் காத்திருந்தாள்,
சம்பளம் கொடுக்கும் எவரும் காத்திருக்காத நேரம்.
பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
டி-சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.
காலணிக்குள் குதிகாலை நுழைத்தபடி சொன்னாள்:
"நீலச் சட்டை தேய்ச்சு வச்சிருக்கேன்.
இதுக்கு அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

துவாஸில் அவர்கள் எட்டாவதைக் கேட்கவே இல்லை.
இவ்வளவு தூரம் தினமும் எப்படி வருவீர்கள்?
இரண்டு ரயில், ஒரு பேருந்து. பட்டென்று சொன்னேன்.
எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?
தயாராக வைத்திருந்தேன்.
தொண்டையில் வேறொன்று கிடந்தது.
தகவல் சொல்கிறோம் என்றார்கள்.

திரும்பும் ரயிலில்
தாளின் பின்பக்கத்தில் பதினேழு என்று எண் போட்டேன்.
கோடு போடவில்லை.
கிராஞ்சி தாண்டும்வரை ஒன்றும் வரவில்லை.
மார்சிலிங்கில் "நீ" என்று தொடங்கினேன்.
உட்லண்ட்ஸில் கதவு திறந்தபோது
அதை அடித்துவிட்டு
"நான்" என்று எழுதியிருந்தேன்.