பதினேழாம் வினா

இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
மழைக்குப் பயந்து சொப்பின் பைக்குள் கட்டிக்கொண்டு
அறிவியல் நகர் பஸ் தரிப்பில் நிற்கிறேன்.
ஆய்வுத் தலைப்பு:
செயற்கை நுண்ணறிவு குறித்து மாணவர் மனப்பாங்கு.
கேள்விகளை எழுதித் தந்ததும் அதுதான்.
முறையியல் அத்தியாயத்தில் இதை நான் எழுதவில்லை.

முற்றாக உடன்படுகிறேன் தொடங்கி
முற்றாக மறுக்கிறேன் வரை
ஐந்து பெட்டிகள்.
கன்ரீனில், கொத்துரொட்டி தின்ற கையோடு
எல்லாவற்றுக்கும் நடுப்பெட்டியில் புள்ளடி போட்டு
மடித்துத் தந்தான் கபிநயன்.
"ஏன்ரா?"
"சேர் ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டால்?"
பெயர் எழுத இடமே இல்லாத படிவம் அது.

மிதுர்ஷா 'மோசடி' என்ற சொல்லின் கீழ்
இரண்டு தரம் கோடிழுத்தாள்.
அவளுடைய நெல் அறிக்கையில்
இல்லாத பேராசிரியர் ஒருவர்
இல்லாத சஞ்சிகையில் எழுதிய
மூன்று கட்டுரைகள் இருந்தன.
வாசித்தீரா என்று வைவாவில் கேட்டிருக்கிறார்கள்.
ஓம் என்றிருக்கிறாள்.
அதற்குப் பிறகு எதையும் நம்புவதில்லை,
வானிலை அறிவித்தலைக்கூட.

சயூரி குருநாகல்காரி, என் அறையில்.
முதலாம் வருடம் எங்களுக்குப் பொதுவாக இருந்தவை
ஒரு வாளியும் கொஞ்சம் சிரிப்பும்.
பிறகு போனை நடுவில் வைத்துக் கதைத்தோம்.
எனக்குச் சளி என்றேன் ஓரிரவு.
அது சல்லி என்று விளங்கிக்கொண்டு
அவளுக்குச் சொல்லிவிட்டது.
விடிந்ததும் ஐந்நூறு ரூபாய் கடன் கேட்டாள்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொடுத்தேன்.
அவள் படிவத்தில் எல்லாமே முதற்பெட்டி.

எனக்கோ, இங்கிலீஷ்.
விசுவமடுவில் மூன்று ரீச்சர்மார் வந்தார்கள்,
மூவரும் இடமாற்றம் வாங்கிப் போனார்கள்.
மண்ணை உருட்டிப் பார்த்தே சொல்லுவேன்
இந்த ஈரம் எத்தனை நாள் தாங்கும் என்று.
அதையே இங்கிலீஷில் எழுதினால்
எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கடிதம்.
அதனிடம் கொடுத்தெடுத்தால்
ஸ்திரிக்கை போட்ட சட்டை.
"இது உம்மடை பாஷை இல்லையே" என்றார் சேர்.
இங்கிலீஷே என்னுடையதில்லை என்று
சொல்ல வாய்வரை வந்தது,
அதுவும் தமிழில்.

பதினேழாம் வினா: வேறு கருத்துகள் இருப்பின் எழுதுக.
அநேகமாக வெறுமை.
ஒருவர் ஹொஸ்டல் பைப்பில் தண்ணீர் வராததை எழுதியிருந்தார்.
நூற்று நாற்பத்து மூன்றாம் படிவத்தில் மட்டும்
மங்கிய பென்சிலில் நாலு வரி:

ஐந்து வயதில் நான் இருந்த இடத்தைச் சொல்லி
எத்தனை பேர் என்று கேட்டேன்.
மதிப்பீடுகள் வேறுபடுகின்றன என்றது.
மரியாதையாகத்தான் சொன்னது.

நேற்றிரவு தரவு முழுவதையும் உள்ளிட்டேன்.
நொடியில் அட்டவணை, வரைபு, வர்ணம்.
கீழே ஒரு குறிப்பு:
143 எல்லா வினாவுக்கும் ஒரே விடை அளித்துள்ளது,
கவனமின்றி நிரப்பியிருக்கலாம்,
நீக்கினால் முடிவுகள் தெளிவாகும்.
நீக்கவா?
ஆம். இல்லை.
நடுப்பெட்டி கிடையாது.
பற்றறி பதினொரு வீதம்.
லப்டொப்பை மூடிவிட்டுப் படுத்தேன்.

பரந்தன் பஸ் நிற்காமல் போகிறது.
பையின் முடிச்சை அவிழ்த்து
143 கிடக்கிறதா என்று தேடுகிறேன்.
கிடக்கிறது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் கண்டேன்,
மடிப்பின் மூலையில்
ஓர் எண்ணெய் விரல்.