அறுபது போதும்

டயரில் நூறு பவுண்டு காற்று அடைப்பவன்
சாலையை நம்பாதவன் என்கிறாள் நெவாஷ்னி.
அறுபது போதும்.
கல்லாய் இறுகின டயர் வேகமில்லை,
வேகம் மாதிரி நடுங்கும், அவ்வளவுதான்.

காலை ஐந்தேகால்.
படாங் செராய் எண்ணெய் நிலையத்தின் வெளிச்சத்தில்
கட்டைவிரலால் என் டயரை அழுத்திப் பார்த்து
வால்வைத் திறக்கிறாள்.
என் நான்கு வருட நம்பிக்கை
உஸ்ஸென்று வெளியே போகிறது.

டர்பன்காரி. மில் கொதிகலனுக்கு
இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவள்.
நான் எடைமேடைக் கிளார்க்.
எந்த லோரி எத்தனை டன் பொய்யோடு
எங்கள் முழங்கையை உரசிப் போகிறது என்று
எனக்குத் தெரியும்.

பாஸ்போர்ட்டில் கவெண்டர் என்றிருக்கிறது.
ஆபீஸ் கிராணி குரலைத் தாழ்த்தி
"கவுண்டரா?" என்றார்.
"அப்படியென்றால்?" என்றாள்.
அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.
அவளிடம் இருக்கும் தமிழ் பத்துச் சொல்,
அதில் நான்கு சாப்பாடு.
இங்கே அவள் பேசும் மீதித் தமிழெல்லாம்
நான் இரவல் கொடுத்தது.

எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பாள்.
எதிரே வரும் சைக்கிளுக்குக் கையசைக்காதவன்
பேசாமல் கார் வாங்கிக்கொள்ளலாம்.
தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டி ஓட்டுபவனோடு
அரசியல்கூடப் பேசக்கூடாது.
மூவாயிரம் ரிங்கிட் சக்கரம் குறைக்கிற எடையை
இரண்டு ரொட்டி சானாயை விட்டால் குறைக்கலாம்.
(சொன்னபோது மூன்றாவதுக்குக் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தாள்.)
எதிர்க்காற்றைத் திட்டலாம்,
மேட்டைத் திட்டக்கூடாது;
மேடு முன்கூட்டியே முகத்தைக் காட்டிவிடுகிறது.

ஒன்றை மட்டும் அவள் விளக்கியதில்லை.
இருநூறு மீட்டருக்கு ஒருதரம்
வலது தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பாள்.
லோரிக்கு என்று நினைத்திருந்தேன்.
லோரி வராத தோட்டப் பாதையிலும் பார்த்தாள்.

அந்தப் பாதையில்தான் ஒருநாள்
செம்பனை மட்டையின் முள் என் பின் டயரில் ஏறியது.
"அறுபது போதுமா?" என்றேன்.
"முள்ளுக்கு எண் படிக்கத் தெரியாது" என்றாள்.
அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை.
நான் குந்தி டியூபை உருவ
எனக்கு முதுகு காட்டி நின்றாள்,
கையில் பம்ப்,
பம்ப் பிடிக்கிற பிடி இல்லை அது.

ஒரு மோட்டார் சைக்கிள்.
இரண்டு பேர். பின்னால் இருந்தவன் தோளில்
குலை வெட்டும் நீள அரிவாள்,
சாக்கு சுற்றியது.
வேகத்தைக் குறைத்தார்கள்.
நெவாஷ்னி ஓரடி நகர்ந்து
என்னை மறைத்தாள்.

"பொச்சோர்?" என்றான் அவன்.
ஆமாம், ஓட்டைதான் என்றேன்.
இறங்கி வந்து கைப்பேசி விளக்கைப் பிடித்தான்,
டியூப் உள்ளே போகும்வரை.
முள்ளைத் தேடி எடுத்ததும் அவன்தான்.
எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
வேலைக்கு நேரமாச்சென்று போனார்கள்.

பம்பை என்னிடம் நீட்டினாள்.
பிடியெல்லாம் வியர்வை.

"கரும்புத் தோட்டம்," என்றாள்.
"இதே மாதிரி இரண்டு பேர்.
சைக்கிளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.
பதினொரு கிலோமீட்டர்
பெடல் சப்பாத்தோடு நடந்தேன்,
டக், டக், டக் என்று.
அப்போதெல்லாம் நானும் நூறுதான் அடைப்பேன்."

போன ஞாயிறு அவளுக்கு இரவு ஷிப்ட்.
ஜெராய் மலையைப் பார்த்தபடி தனியாக மிதித்தேன்.
பனி. வயலோரம் ஒரு நாய்,
குரைக்க நினைத்து விட்டுவிட்டது.
எத்தனையாவது தடவையோ தெரியவில்லை,
தோளுக்கு மேலே
திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் சாலை மட்டும்தான் இருந்தது.

இதை அவளிடம் சொல்லவில்லை.
டயரில் இப்போது
அறுபத்தைந்து அடைக்கிறேன் என்பதையும்.