நான்கு விரற்கடை

நீந்த வந்தோம்.
குளத்தில் நீர் இல்லை.

ஆற்றோரம் வண்டியை நிறுத்தி
அரைமணி நேரம் கூழாங்கல்லில் தடுமாறி
ஓடையை மூன்று இடத்தில் தாண்டி
(மூன்றாவதில் என் இடது ஷூ தோற்றது)
வந்து பார்த்தால்,
மலையில் முதுகை ஒட்டிக்கொண்டு
வாய் பிளந்து கிடக்கிறது
நூறு வயது சிமெண்ட் தொட்டி.
உள்ளே ஒன்பது பேர்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
துடைப்பமும் மண்வெட்டியுமாய்ப்
பாசியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

வருடத்தில் ஒரு நாள் கழுவுவார்களாம்.
அந்த ஒரு நாள் இன்று.

"இந்தப் பக்கத்துக்காரிதானே நீ,
தேதி தெரியாதா?" என்றேன்.
"தெரியும்" என்றாள் ஸ்டெய்ன்வோர்.
"ஆள் போதவில்லை என்று
நேற்றே சொன்னார்கள்."
மீன் ஆலையில் எனக்கு அடுத்த மேசை அவள்.
முள்ளை உருவுவது தெரியாமல் உருவுகிற கை.

துடைப்பம் கொடுத்தார்கள்.
பாசி பச்சையாக இல்லை.
பச்சைக்கு அடியில் கறுப்பு,
அதற்கும் அடியில்
என்றோ வெடித்த எரிமலையின் சாம்பல்,
பல் தேய்க்கும் பொடி மாதிரி நறநறவென்று.
ஓர்மூரின் மண்வெட்டியில் வரிசையாக வந்தன:
இரண்டு மூக்குக்கண்ணாடி, கம்பளிக் காலுறை ஒன்று,
யாரோ கழற்றி எறிந்ததா
தானாய்க் கழன்றதா தெரியாத மோதிரம்.
மோதிரத்தை உப்பு டப்பாவில் போட்டு
ஜன்னல் கட்டையில் வைத்தார்.
அங்கே ஏற்கெனவே நான்கு இருந்தன.

தேய்த்துக்கொண்டே பேசினார்கள்,
ஆளுக்கொரு துண்டாக.
அந்தக் காலத்தில் படகு கவிழ்ந்தால்
கரையிலிருந்து முகம் தெரியும் தூரம்தான்.
பெயர் சொல்லிக் கத்தலாம், கேட்கும்.
ஆனால் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.
அந்தக் கடலில் எவன் பழகுவான்,
குளிர் முதலில் மூச்சைப் பிடுங்கும்.
எனவே பண்ணைக்காரர்கள் சிமெண்டைச் சுமந்து வந்தார்கள்,
மலை தானே விளாவித் தருகிற வெந்நீருக்கு.
மூன்று சுவர் கட்டினார்கள்.
நான்காவதை மலை கொடுத்தது.

வடக்குச் சுவரில் ஆணிக் கீறல்கள்.
குறுக்கே நீந்திய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு.
பதினொன்று. இருபத்தாறு.
ஒருவன் நாற்பது போட்டு
நாற்பதையும் வட்டமிட்டிருக்கிறான், திமிர்.
எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக,
ஒரே ஒரு கோடு.
"அதன்மேல் துடைப்பம் போடாதே" என்றாள் யோருன்.
யாருடையது என்றேன்.
"யாருக்குத் தெரியும்.
ஒரு தடவையாவது
அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்த யாரோ."

மாலை. ஆட்டுத்தோல் சுற்றிய கட்டையை
ஓட்டையில் வைத்து ஓர்மூர் மிதித்தார்.
பாறை இடுக்கிலிருந்து நீர் இறங்கியது,
சுண்டுவிரல் கனத்தில், அவசரமே இல்லாமல்.
"நிறைய எத்தனை நேரம்?"
"நாளை மறுநாள்" என்றார்,
ஏதோ பேருந்து நேரம் சொல்வதுபோல.
மற்றவர்கள் காப்பிக் குடுவையோடு
வண்டிகளுக்கு நடந்தார்கள்.

கடலே இல்லாத நாட்டில் பிறந்தவன் நான்.
எனக்கும் நீந்தத் தெரியாது.
இங்கே ஏழு வயதுப் பிள்ளைகூட
பள்ளியில் மிதந்து காட்டினால்தான் ஆயிற்று.
நான்கு வருடமாய் மறைத்துவைத்திருந்தேன்,
காது வலி, சளி, துண்டு மறந்துவிட்டது என்று.
அவளிடமும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் இப்போது தெரியும்:
நான்கு விரற்கடை.
சட்டையைக் கழற்றிவிட்டு
குளத்தின் நடுவில் மல்லாந்து படுத்தேன்.
முதுகில் சிமெண்ட்,
காதுவரை வெந்நீர்.
காதுக்குள் மலை எதையோ முணுமுணுத்தது,
அடுப்பை அணைக்காமல் போனவர்களின் சமையலறை மாதிரி.
மேலே மேகம் தன் பாட்டுக்கு.

விளிம்பில் உட்கார்ந்து
காய்ந்த மீனில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் ஸ்டெய்ன்வோர்.
"தெரியும்" என்றாள்,
நான் எதுவும் சொல்வதற்குள்.
பிறகு, மென்றுகொண்டே:
"இடுப்பைத் தளர்த்து.
இன்னும் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்."

தளர்த்தினேன்.
நீர் ஐந்தாவது விரலுக்கு ஏறியதா,
நான்தான் ஏறினேனா?

குதிகால் மட்டும்
இன்னும் தரையில்.