பெயருக்கு ஐந்து வெள்ளி

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை
கோயில் வாசலில் மேசை போட்டு
பழுப்பு உறை கொடுப்பார்கள்.
உறையின் மேல் 'தங்கள் விருப்பம்' என்றுதான் அச்சடித்திருக்கும்.
பெயருக்கு ஐந்து வெள்ளி என்பது
பீடோரில் எல்லாருக்கும் தெரியும்.

அப்பா வியாகுலம்.
அம்மா மரியதங்கம்.
பெரியப்பா தொம்மை,
மகள் கல்யாணத்தன்றும்
மரம் வெட்டிவிட்டு வந்தவர்,
சட்டையில் பால் நாற்றத்தோடு.
சின்னம்மா ரெஜினா.
அவள் வீட்டுக்காரர் சூசை.
ஊருக்கே அவர் சைக்கிள்காரர்,
சூசை என்று எழுதும்போது
யாரோ போல இருக்கிறார்.
பெயர் வைக்குமுன் போனது ஒன்று.
அதை 'பாப்பா' என்று எழுதுகிறேன்.
இருந்திருந்தால் எனக்கு அக்கா.

ஏழாவது வரியில் பேனா நின்றது.

சந்தியாகு.
தம்பி.
மார்ச்சில், தாப்பா பக்கம்,
செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடு.
ஆற்றில் கரைத்தோம். இங்கே அவனுக்குக் கல் இல்லை.
பத்தொன்பது வருஷம் கோயில் படி ஏறாதவன்.
ஞாயிறு தவறாமல் அம்மாவை மோட்டாரில் இறக்கிவிட்டு
எதிர்க்கடையில் கோப்பி ஓவும் பேப்பருமாக
பூசை முடியக் காத்திருப்பான்.
"செத்தாலும் என் பேரை அந்த உறையில போட்டுடாதக்கா,
சாமி வாயில சிக்கிக்கும்."
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
சிரிப்பை நம்புவதா, சொல்லை நம்புவதா?

ஒட்டிவிட்டேன்.
அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன்.
ஆறு பெயர், முப்பது வெள்ளி.
யூதாசுக்கும் அவ்வளவுதான்.

இரண்டாம் தேதி மழை.
நாலாம் டிவிஷன் கல்லறையைச் சுற்றி
பால்மரம் போய்ச் செம்பனை வந்து
செம்பனையும் கிழடாகி
விஷ ஊசி போட்டு நிற்கிறது.
வெள்ளை மெழுகுவர்த்தி தீர்ந்துபோய்
ஆ கியோங் கடையில் சிவப்புதான் கிடைத்தது,
சீனப் பெருநாள் மிச்சம்.
அது தலைமாட்டில் எரிய
அப்பா கொஞ்சம் வசதியானவர் போலத் தெரிந்தார்.

சாமியார் சரவாக்காரர்,
தமிழை ரோமன் எழுத்தில் வைத்துப் படிக்கிறார்.
வியாகுலம் இரண்டாய் உடைந்தார்.
மரியதங்கம் மூன்று துண்டு.
குடைகளுக்கடியில் ஒருவரும் சிரிக்கவில்லை.
ஒவ்வொரு வீடும் தன் பெயருக்காகக்
காதைத் தீட்டி நின்றது.

எங்கள் உறை முடிந்தது.
அடுத்த உறையில் ஒரே பெயர்.
"சன்... தியா... கூ."

சிக்கத்தான் செய்தது.

வேலியோரம் கோகிலவாணி.
நெற்றித் திருநீறு மழையில் கரைந்து வழிய
சின்னவனைக் குடைக்குள் இழுத்துப் பிடித்திருந்தாள்.
பையில் செவ்வந்தி.
எங்கே வைப்பதென்று சுற்றிப் பார்த்துவிட்டு
மாமியார் காலடியில் வைத்தாள்.

இறங்கி வரும்போது கேட்டேன்:
"உறையில எவ்வளவு போட்ட?"
"அம்பது."
"பேருக்கு அஞ்சுதான் வாணி."
கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.
"அப்ப மிச்சத்துக்கு
யாரும் இல்லாதவங்க பேரைப் படிக்கட்டும் அண்ணி."

அவள் வீட்டில் மைலோ கலக்கினாள்.
பெங்காலி ரொட்டியை எடுத்தாள்,
கவிழ்த்தாள்,
அடியில் கத்திமுனையால் நெடுக்கே ஒரு கோடு,
குறுக்கே ஒரு கோடு,
பிறகு வெட்டினாள்.

எனக்கு அம்மாவின் கை தெரிந்தது.
பிரெஞ்சுச் சாமியார் வீட்டில் சமைத்த நாளில்
பிடித்துக்கொண்ட பழக்கம்.
எங்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை.
நானே எப்போதோ விட்டுவிட்டேன்,
இப்போதெல்லாம் வெட்டின ரொட்டிதானே வாங்குகிறோம்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"
"எது?"
"அந்தக் கோடு."
"அவரு எப்பவும் இப்படித்தானே வெட்டுவாரு?
கோடு போட்டா உதிராதுன்னு நெனச்சேன்."

சின்னவனுக்கு ஓரத்துண்டுதான் வேண்டுமாம்.
பாதிக் கோடு தெரிந்த அந்தத் துண்டை
மைலோவில் முக்கி
சொட்டச் சொட்டத் தின்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
உதிரவில்லைதான்.