சேற்றின் பிடி

ஆறு மாதம் சேற்றைத்தான் திட்டினாள்
எவுதோக்சியா.

துமாக்கோவில் கடல் வற்றும் நேரம் பார்த்து
அலையாத்தி வேர்களுக்கிடையே இறங்கி
பியாங்குவா சிப்பி துழாவுகிறவள்.
புதைந்த காலை உருவிக்கொள்ள
ஏழு வயதில் கற்றவள்.
இப்போது இடது பூட்ஸ் மட்டும் வரமாட்டேன் என்கிறது.
"இந்த வருஷம் சேறு கெட்டுப்போச்சு."
கொசுவுக்குத் தேங்காய் மட்டையை ஊதிக்கொண்டே
ஒர்ஃபிலியா சொன்னாள்:
"சேறு சேறாத்தான் இருக்கு."

பிறகு மீன் சந்தையில், காய்ந்த சிமெண்டுத் தரையில்,
செருப்பு கழன்றதைப் பத்தடி தள்ளி
யாரோ சொல்லித்தான் தெரிந்தது.
அங்கே சேறு இல்லை.
பிடி இருந்தது.

காலி என்று பெயர்கொண்ட நகரத்தில்
நிரம்பி வழிந்தது ஆஸ்பத்திரி.
வரும் வழியில் ஒன்பது முறை பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள்.
பத்தாவது முறை சொல்லவில்லை;
சால்வையை மடியில் விரித்துக்கொண்டாள்.

முதுகில் ஊசி இறக்கி நீர் எடுத்தார்கள்.
சின்ன வயது டாக்டர், சீட்டின் பின்பக்கம்
கோடு போட்டுக் காட்டினார்:
வைரஸ் ரத்தத்தின் வெள்ளணுவுக்குள் புகுந்து
அதன் இழையிலேயே தன்னைத் தைத்துக்கொண்டது,
ஐம்பது வருஷம் சும்மா இருந்தது.
நிறையப் பேருக்குக் கடைசிவரை சும்மாவே இருக்கும்.
சிலருக்கு மட்டும்
அதைத் தேடிக்கொண்டு உடம்பின் காவல்படையே
தண்டுவடத்துக்குள் நுழைந்துவிடும்.
நுழைந்தது திரும்பாது.
அழற்சி, என்றார்.

அவளுக்குப் புரிந்தது.
அவர்கள் ஆற்றங்கரைக்கும் ஒருவனைத் தேடி
துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள் ஒருமுறை.
அவன் அகப்படவில்லை.
எரிந்தவை ஏழு வீடுகள்.

"எப்படி வந்தது எனக்கு?"
"தாய்ப்பாலில் வந்திருக்கலாம்."
செத்துப்போன அம்மாவின் மேல் கோபம் வருமா என்று
கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள்.
வரவில்லை.
விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்:
எல்வியா. மார்லெனி. கடைசிப் பையன்.
மூன்றாவது விரலில் நிற்கவேண்டியது
நான்காவதுக்குப் போயிற்று.
ஒர்ஃபிலியா காய்ச்சலில் கிடந்தபோது
அவள் குழந்தைக்கும்,
பதினோரு இரவு.

இப்போது கரையில் பெஞ்சில் உட்கார்ந்து
சிப்பிகளை அளவுகோலில் வைத்துப் பார்க்கிறாள்.
ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்தவை
திரும்பச் சேற்றுக்கு.
கால்கள் பலகைபோல நீண்டு கிடக்கின்றன,
அவ்வப்போது தாமாகவே துள்ளுகின்றன.
தொடை வரை கறுத்து ஏறி வருகிறாள் ஒர்ஃபிலியா,
வாளியைக் கவிழ்க்கிறாள்,
அவள் பையன் இருபத்தாறு வயது,
படகை இழுத்துக் கட்டுகிறான்.

"ஒர்ஃபிலியா, அந்தப் பதினோரு…"

"நீ அன்னிக்கே சொன்னே," என்கிறாள் அவள்,
முகத்தைப் பார்க்காமல், பூட்ஸை உதறியபடி.
"சேறு கெட்டுத்தான் போச்சு."